ஏற்காடு ட்ரிப்ல ஸ்வைப் பண்ணது 20,000 ரூபாய்... பில் எவ்வளவு வரும்? - கிரெடிட் கார்டின் 3 தேதிக் கணக்கு!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கு ஏறும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் ரூம் வாடகை, ஏரியில் படகுச் சவாரி, சாப்பாடு, பெட்ரோல், கிளம்பும்போது வீட்டுக்கு வாங்கும் காபித்தூள், மிளகு... எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "கார்டுல போட்டுக்கலாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்!"

அந்த 'அடுத்த மாசம்' எப்போது வருகிறது? கார்டு வைத்திருக்கும் பலரும் லிமிட் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். ஸ்டேட்மென்ட் தேதி எது என்று கேட்டால் போனை எடுத்துத் தேடுவார்கள். உண்மையில், கிரெடிட் கார்டு உங்களுக்கு லாபமா, நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது லிமிட் அல்ல, தேதிதான். ஒரு ஏற்காடு ட்ரிப்பையே உதாரணமாக வைத்து அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

தேய்ப்பது யாருடைய பணம்?

டெபிட் கார்டைத் தேய்த்தால் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் போகும். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் போவது வங்கியின் பணம். நீங்கள் வாங்குவது கடன். இதைச் சொல்ல எதற்கு ஒரு கட்டுரை என்று தோன்றலாம். ஆனால், போனில் 'லிமிட் 80,000' என்று பார்க்கும்போது அதை நம் கையிருப்பாக நினைக்கும் இடத்தில்தான் பிரச்னையே தொடங்குகிறது.

ஏற்காட்டில் ஒரு கடையில் 1,000 ரூபாய்க்கு காபித்தூள் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கார்டை மெஷினில் வைத்ததும் தகவல் கடைக்காரரின் வங்கிக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க் வழியாக, உங்களுக்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. 'லிமிட் இருக்கு, ஓகே' என்ற பதில் சில நொடிகளில் திரும்பி வருகிறது. பணம் கடைக்காரர் கணக்குக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

அதிலும் முழு 1,000 ரூபாய் போகாது. நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய் கட்டணமாகக் கழிந்துதான் போகும். அந்தக் கட்டணத்தை உங்கள் வங்கி, கடைக்காரரின் வங்கி, நெட்வொர்க் என மூன்று தரப்பும் பிரித்துக்கொள்ளும். சின்னக் கடைகளில் "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேர்த்துக் கொடுங்க" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். உங்களுக்கு வரும் ரிவார்டு பாயின்ட், கேஷ்பேக் எல்லாம் ஓரளவு இந்தக் கட்டணத்திலிருந்து வருகிறது. மீதி எங்கிருந்து வருகிறது? பில்லை முழுசாகக் கட்டாதவர்கள் கொடுக்கும் வட்டியிலிருந்து!

மூன்று தேதிகள்

ஒன்று, நீங்கள் பொருள் வாங்கிய தேதி. இரண்டு, வங்கி பில் போடும் ஸ்டேட்மென்ட் தேதி. மூன்று, பணம் கட்ட வேண்டிய கடைசித் தேதி. பில் போட்டதற்கும் கடைசித் தேதிக்கும் இடையே குறைந்தது இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

உங்கள் கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதி ஸ்டேட்மென்ட், 30-ம் தேதி கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம், கோடை சீசன். ஏற்காடு ட்ரிப்புக்கு மொத்தம் 20,000 ரூபாய் கார்டில் போகிறது.

மே 9-ம் தேதி செலவு செய்தால், மறுநாளே ஸ்டேட்மென்ட். மே 30-க்குள் கட்ட வேண்டும். கிடைத்த அவகாசம் 21 நாள்.

அதே செலவை மே 11-ம் தேதி செய்தால், ஜூன் 10-ம் தேதி ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். ஜூன் 30 வரை நேரம் இருக்கிறது. அவகாசம் 50 நாள்.

இரண்டே நாள் தள்ளிச் செலவு செய்ததற்கு 29 நாள் கூடுதல் அவகாசம், அதுவும் வட்டி இல்லாமல்! விளம்பரங்களில் '50 நாள் வரை வட்டி இல்லை' என்று வரும்போது, அந்த 'வரை' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான். எல்லாச் செலவுக்கும் 50 நாள் கிடைக்காது. ஸ்டேட்மென்ட் தேதிக்கு அடுத்த நாள் செய்யும் செலவுக்குத்தான் கிடைக்கும்.

உங்களுக்குச் சம்பளம் 1-ம் தேதி வருகிறது, கார்டு பில்லின் கடைசி நாளோ 28-ம் தேதி, கையில் பணம் இல்லாத நேரம். என்ன செய்யலாம்? பில்லிங் சுழற்சியை மாற்றிக் கேட்கலாம். குறைந்தது ஒரு முறையாவது அப்படி மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதிகளிலேயே இருக்கிறது. ஆப்பிலோ, கஸ்டமர் கேரிலோ கேட்டால் போதும்.

'மினிமம் ட்யூ' என்னும் இனிப்பு

ஜூன் 10-ம் தேதி பில் வருகிறது. 'மொத்தம் கட்ட வேண்டியது: 20,000. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது: 1,000.' மாசக் கடைசியில் இதைப் பார்க்கும்போது மனசு எந்தப் பக்கம் போகும்? "ஆயிரம்தானே, இப்போதைக்குக் கட்டிடலாம்!"

இங்கேதான் கணக்கு மாறுகிறது. முழுத் தொகையையும் கட்டவில்லை என்றால், வட்டியில்லா அவகாசம் பறிபோய்விடும். வட்டி ஜூன் 30-லிருந்து தொடங்காது. நீங்கள் பொருள் வாங்கிய மே 11-ம் தேதியிலிருந்தே கணக்கிடப்படும்.

மாதத்துக்கு 3.5% வட்டி என்றால் வருடத்துக்கு 42%. பல கார்டுகளில் இந்த அளவில்தான் வட்டி இருக்கிறது. நீங்கள் 1,000 ரூபாய் கட்டிய பிறகு ஜூலை 10-ம் தேதி அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்போது, 60 நாள் வட்டி 1,300 ரூபாயைத் தாண்டியிருக்கும். அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி வேறு. இரண்டும் சேர்ந்து 1,500 ரூபாய்க்கு மேல். அதாவது, 1,000 ரூபாய் கட்டிய பிறகும் உங்கள் பாக்கி 20,500 ரூபாயைத் தாண்டி நிற்கும். கட்டியும் கடன் ஏறியிருக்கிறது!

இன்னொரு விஷயம். பாக்கி நிற்கும் காலத்தில் புதிதாகச் செய்யும் செலவுக்கும் அவகாசம் கிடையாது. ஜூலையில் 300 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தாலும், அன்றிலிருந்தே அதற்கும் வட்டி ஓடும். முழுப் பாக்கியையும் அடைத்தால்தான் பழைய அவகாசம் திரும்பக் கிடைக்கும்.

அப்படியானால் 'மினிமம் ட்யூ' எதற்கு? அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, கடன் தவறியவர் என்று பதிவாகாது. உண்மையிலேயே நெருக்கடி வரும் ஒரு மாதத்துக்கு அது ஒரு பாதுகாப்பு வலை, அவ்வளவுதான். மாதா மாதம் அதில் படுத்துத் தூங்க முடியாது.

"இவ்வளவு வட்டி வாங்க உச்சவரம்பு எதுவும் இல்லையா?" என்று கேட்கலாம். கிரெடிட் கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30%-க்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் உத்தரவிட்டது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. எனவே, வட்டி எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது இப்போது முழுக்க முழுக்க நம் பொறுப்பு.

மலையில் வருமானம் சீசனுக்கு, பில் மாதத்துக்கு!

ட்ரிப் வருபவர்களின் கணக்கு இது. மலையிலேயே வாழ்பவர்களுக்கு இதே கார்டு இன்னும் கொஞ்சம் சிக்கலானது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. அன்று முதல் இந்த மலையின் பணப்புழக்கம் பெரும்பாலும் காபியோடு சேர்ந்தே ஓடுகிறது. காபிப் பழம் பறிப்பது ஆண்டுக் கடைசியில் தொடங்கி அடுத்த ஆண்டின் முதல் மாதங்கள் வரை. மிளகும் ஆண்டுக்கு ஒரு முறைதான். ஹோம் ஸ்டே, டாக்ஸி, கடை வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் அறுவடைக் காலம். மழைக்காலத்தில் பல நாள் கல்லா காலி.

இப்படிப்பட்ட ஊர்களில் மளிகைக் கடை நோட்டுதான் பழைய கிரெடிட் கார்டு. "காபி எடுத்ததும் தர்றேண்ணே" என்று சொன்னால், கடைக்காரருக்குப் புரியும். எப்போது காபி எடுப்பார்கள், இந்த வருடம் விளைச்சல் எப்படி என்பது அவருக்கும் தெரியும். ஆனால், வங்கியின் கம்ப்யூட்டருக்குக் காபி சீசன் தெரியாது. அதற்குத் தெரிந்தது 30-ம் தேதி மட்டும்தான்.

ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸுக்காக 20,000 ரூபாயை கார்டில் போட்டுவிட்டு, 'ஜனவரியில் காபி விற்றதும் அடைச்சிடலாம்' என்று நினைத்தால் என்ன ஆகும்? அசல் அப்படியே நிற்கிறது, வட்டியை மட்டும் கட்டி வருகிறோம் என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். மாதம் 700 ரூபாய் வட்டி, அதற்கு ஜி.எஸ்.டி 126 ரூபாய். மொத்தம் 826. ஏழு மாதத்துக்கு 5,782 ரூபாய். 20,000 ரூபாய் ஃபீஸ் கிட்டத்தட்ட 26,000 ரூபாய் ஆகிவிட்டது. இதுதான் சீசன் வருமானத்தையும் மாத பில்லையும் ஒன்றாகக் கட்டிப்போடுவதற்கு நாம் கொடுக்கும் விலை.

அதற்காகச் சீசன் வருமானக்காரர்கள் கார்டே வாங்கக் கூடாது என்றில்லை. கையில் ஏற்கெனவே இருக்கும் பணத்துக்கு மட்டும் கார்டைப் பயன்படுத்தலாம். 'சீசனில் வரப்போகும்' பணத்தை நம்பி இழுக்கக் கூடாது. விவசாயச் செலவு என்றால், அதற்கென்று 1998-ல் அறிமுகமான கிசான் கிரெடிட் கார்டு இருக்கிறது. பெயரில் 'கிரெடிட் கார்டு' என்று இருந்தாலும் அது வேறு வகை. அது பயிர்க் கடன். பயிர் அறுவடையாகி விற்கும் காலத்தை வைத்துத்தான் அதைத் திருப்பிக் கட்டும் தேதியே முடிவாகும். உங்கள் நிலத்துக்கும் பயிருக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கிக் கிளையில் கேளுங்கள்.

ஏடிஎம் பக்கம் போகாதீங்க!

மலையில் அடிக்கடி நடப்பது இது. கடையில் கார்டு மெஷின் இல்லை, போனில் சிக்னல் இல்லை, பாக்கெட்டில் காசு இல்லை. உடனே கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுத்துவிடுவோம்.

இதற்கு ஒரு நாள்கூட வட்டியில்லா அவகாசம் கிடையாது. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி. அதோடு தனிக் கட்டணமும் உண்டு. பல கார்டுகளில் 2.5%, குறைந்தபட்சம் 500 ரூபாய். 2,000 ரூபாய் எடுத்தாலும் 500 ரூபாய் கட்டணம், ஜி.எஸ்.டி 90 ரூபாய்! மலையேறும் முன் சேலத்திலேயே டெபிட் கார்டில் கொஞ்சம் பணம் எடுத்து வைத்துக்கொள்வது இதைவிட எவ்வளவோ மேல்.

சிக்னல் பிரச்னையால் இன்னொன்றும் நடக்கும். மெஷின் சுற்றிக்கொண்டே இருந்து 'ஃபெயில்டு' என்று காட்டும், நமக்கோ பணம் போனதாக எஸ்.எம்.எஸ் வரும். பதற்றத்தில் உடனே இரண்டாவது முறை தேய்க்காதீர்கள். முதலில் ஆப்பில் பாருங்கள். கடைக்காரருக்கு உறுதித் தகவல் போகாமல் பணம் மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், 5 நாளைக்குள் அது தானாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது.

க்யூஆர் கோடிலும் கடன்!

2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐ ஆப்பில் இணைக்க முடிகிறது. கார்டை எடுக்கவே வேண்டாம். லேடீஸ் சீட் பக்கம் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால், கடன் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். கடையின் வணிகக் கணக்குக்கு மட்டும்தான் இப்படி அனுப்பலாம், நண்பருக்கு அனுப்ப முடியாது.

வசதிதான். ஆனால், சேமிப்புக் கணக்கில் காசு குறையும்போது வரும் சின்ன உறுத்தல் இதில் வராது. 40 ரூபாய், 60 ரூபாய் என்று போவது பில் வரும் வரை கண்ணில் படாது. எனவே, யுபிஐ ஆப்பில் சேமிப்புக் கணக்கையே முதல் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள். கார்டைத் தேவைப்படும்போது மட்டும் தேர்ந்தெடுங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' நிஜமா?

பெரும்பாலும் வட்டி எங்கேயும் போய்விடுவதில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. கடையோ, கம்பெனியோ வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுக்கும். சில நேரம், உடனே பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இஎம்ஐ-யில் வாங்குபவருக்குக் கிடைக்காது. பிராசஸிங் கட்டணமும், வட்டிக்கான ஜி.எஸ்.டி-யும் நம் தலையில் வரலாம். வட்டி இருக்கும் இஎம்ஐ-யை 'நோ காஸ்ட்' என்று மூடி மறைக்கக் கூடாது, அசல், வட்டி, தள்ளுபடி மூன்றையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. 'இஎம்ஐ-யா மாத்திக்கிறீங்களா?' என்று எஸ்.எம்.எஸ் வந்தால், மொத்தமாக எவ்வளவு கட்டப்போகிறோம் என்ற ஒரே எண்ணை மட்டும் பாருங்கள்.

சிபில் ஸ்கோர்... இப்போது செய்வது பிறகு பேசும்!

நீங்கள் பில் கட்டும் விதம் கடன் தகவல் நிறுவனங்களுக்குப் போகிறது. 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண். நாளைக்கு பைக் லோன், ஹோம் லோன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது இதைத்தான். கடைசித் தேதி தவறி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் 'தாமதம்' என்று வங்கி தகவல் அனுப்பலாம், தாமதக் கட்டணமும் போடலாம். மறந்துவிட்டால், அந்த மூன்று நாளுக்குள் ஓடிப்போய்க் கட்டிவிடுங்கள்.

லிமிட் முழுவதையும் அடிக்கடி பயன்படுத்தினாலும் ஸ்கோர் இறங்கலாம். லிமிட்டில் 30%-க்குள் செலவு இருப்பது நல்லது என்பது பொதுவான ஆலோசனை. உங்கள் முழு ரிப்போர்ட்டை ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், அதாவது ஹோம் ஸ்டே நடத்துபவர்கள், டிரைவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கார்டில் தொடங்கலாம். டெபாசிட்டுக்கு வட்டியும் வரும், ஸ்கோரும் உருவாகும். பில்லைக் கட்டாவிட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

உங்கள் பக்கம் இருக்கும் விதிகள்

* நீங்கள் கேட்காமல் வங்கி கார்டு அனுப்பக் கூடாது. வாங்கிய கார்டை 30 நாள் வரை ஆக்டிவேட் செய்யாவிட்டால், ஓடிபி மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் கட்டணம் இல்லாமல் கணக்கை மூட வேண்டும்.
* பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.
* 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் 'டேப்' செய்ய முடியும். அப்படியானால், தொலைந்த கார்டை எடுத்தவரும் செய்யலாம்! ஆப்பில் 'டேப்' வசதியையும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் அணைத்து வைக்கலாம்.
* "லிமிட்டை ஏத்தித் தர்றோம், ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் முதலில் கார்டை பிளாக் செய்துவிட்டு, 1930 எண்ணுக்கு உடனே அழையுங்கள். வங்கியிலும் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதும் பணம் திரும்பக் கிடைப்பதைத் தீர்மானிக்கும்.
* வங்கியில் எழுதிக் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

இன்றே பார்க்க வேண்டியவை

கார்டு ஆப்பைத் திறந்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மென்ட் தேதி, கடைசித் தேதி, மாத வட்டி விகிதம், ஆட்டோ பே எந்தத் தொகைக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பது. கடைசி விஷயம் முக்கியம். 'ஆட்டோ பே போட்டிருக்கேன்' என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர், அது 'மினிமம் ட்யூ'வுக்கு வைக்கப்பட்டிருப்பதைக் கவனிப்பதில்லை. 'டோட்டல் ட்யூ'வுக்கு மாற்றுங்கள். அன்று கணக்கில் அவ்வளவு பணம் இருக்குமா என்று யோசித்தால், அடுத்த ட்ரிப்புக்கு எவ்வளவு செலவு செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும்.